ஊதுவத்திக்குப் படம் இல்லை

மாப்பிள்ளை புது வண்டி எடுத்த அன்று பெட்ரோல் பங்கில் நடந்ததை எங்கள் ஊரில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். நான் மாப்பிள்ளையைக் கன்னத்தில் அறைந்தேன் என்றுகூட மடுகரை கடைத்தெருவில் ஒருத்தி சொன்னாளாம். நான் அறையவில்லை. மூன்றாவது வரைக்கும்தான் படித்தவள் நான். எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக, நடக்கத் தெரியாத கன்றுக்குட்டி மாதிரிதான் வரும். வரட்டும். என் வாயிலிருந்து வந்த சொல்லை நானே எழுதிவிட்டுப் போகிறேன்.

முதலில் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல உழைப்பாளி. குடி கிடையாது. ஆனால் மரியாதை என்று வந்துவிட்டால் உப்புக்கல் அளவு குறைந்தாலும் தாங்க மாட்டார். கல்யாணமான ஆடியில் விருந்துக்கு வந்தவரை என் தம்பி ஏதோ ஞாபகத்தில் “வாப்பா, குந்து” என்று சொல்லிவிட்டான். பாதி இலையில் எழுந்து போனவர் பொங்கல் வரைக்கும் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. என் பெண்ணையும் அனுப்பவில்லை. அந்தப் பொங்கலுக்கு நான் பானை வைத்ததே பேருக்குத்தான்.

அதனால் நான் எப்போதும் கவனமாக இருப்பேன். எங்கள் பக்கத்தில் மாமியார் மாப்பிள்ளையிடம் நேருக்கு நேர் பேசுகிற வழக்கமும் இல்லை. அவர் வந்தால் எழுந்து நிற்பேன், கதவு ஓரம் போவேன். “சாப்பிடச் சொல்லு” என்பதைப் பெண்ணிடம் சொல்வேன். பெண் இல்லாவிட்டால் சுவரிடம் சொல்வேன். அவரும் அப்படித்தான், “அத்தைக்குத் தலைவலி எப்படி இருக்குன்னு கேளு” என்பார், நான் அங்கேயே நின்றுகொண்டிருப்பேன். இது பகை இல்லை. எங்களுக்கு இதுதான் மரியாதை. ஐந்து வருடத்தில் அவரை நான் ஒரு தரம்கூடக் கூப்பிட்டதில்லை.

என் பெண், பிள்ளை பெற்று, என் வீட்டில் இருந்த நேரம் அது. மூன்றாம் மாதம் பிறந்ததும் மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துப் போக வேண்டும். அழைத்துப் போக ஆள் வராத பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும், என்ன கேட்கும் என்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆகவே அந்த மூன்று மாதமும் மாப்பிள்ளை மனம் கோணாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலையாக இருந்தது.

அந்தச் சமயத்தில் அவர் வண்டி எடுத்தார். வில்லியனூரில் எடுத்து, கோயிலில் வைத்துப் பூசை போட்டு, அதன் பிறகுதான் பெட்ரோல் போட வேண்டும் என்பது அவர் அம்மா வைத்த கட்டளை. சாமிக்குக் காட்டாத வண்டிக்கு வயிற்றை நிரப்பக் கூடாதாம். கடைக்காரன் ஊற்றிவிடுகிற கொஞ்சம் பெட்ரோலில் கோயில் வரைக்கும் ஓட்டிக்கொள்ளலாம். பூசைக்குப் பெண் வீட்டிலிருந்து ஒருவர் தட்டோடு வர வேண்டும் என்று மாப்பிள்ளை என் பெண்ணிடம் போனில் சொல்லியிருந்தார். அன்றைக்கென்று கரும்பு ஏற்ற லாரி வந்துவிட்டது. என் வீட்டுக்காரரால் கழனியை விட்டு நகர முடியவில்லை. நான்தான் பஸ் பிடித்துப் போனேன்.

பூசை நன்றாக நடந்தது. குருக்கள் சாமந்தி மாலையை வண்டியின் முன்பக்கம் இரண்டு கைப்பிடிக்கும் சேர்த்துப் போட்டார். சந்தனம் வைத்தார். எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏறியது. மாப்பிள்ளை தன் கையால் ஒரு கொத்து ஊதுவத்தியைக் கொளுத்தி, விளக்குக்கும் மீட்டருக்கும் நடுவே இருந்த சந்தில், மாலைக்குள்ளே செருகினார். எல்லோரும் செய்வதுதான். ஆட்டோக்காரர்கள் தினம் காலையில் செய்கிறார்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நல்ல மணமான வத்தி, தடியானது.

நான் பஸ்ஸில் போய்விடலாம் என்று கிளம்பினேன். அவர் தன் போனை எடுத்து என் பெண்ணைக் கூப்பிட்டு, முதல் சவாரி அத்தைதான் வர வேண்டும் என்று சொல்லச் சொன்னார். பெண் எனக்குப் போன் போட்டுச் சொன்னாள். நாங்கள் இருவரும் ஒரே மரத்தடியில் நின்றுகொண்டிருந்தோம். என்ன செய்வது, ஏறினேன். இடது முட்டி எனக்கு மடங்காது. கோயில் மதில் ஓரம் ஒரு கல் கிடந்தது, அதன் மேல் ஏறி, ஒரு பக்கமாகக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தேன். தாம்பூலத் தட்டு இருந்த பையை எங்கள் இருவருக்கும் நடுவே வைத்துக்கொண்டேன். பள்ளம் வந்தபோது, “பள்ளம் இருக்கு, பார்த்துப் போவணும்” என்று பையிடம் சொன்னேன். வண்டி மெதுவானது.

கரிக்கலாம்பாக்கம் போகிற வழியில் ஒரு பங்க். எங்கள் பக்கம் பெட்ரோல் விலை கம்மி என்று எல்லை தாண்டி வருகிற தமிழ்நாட்டு வண்டிகள் அங்கே எப்போதும் நிற்கும். அன்றைக்கு வரிசை ரோடு வரைக்கும் இருந்தது. உள்ளே நுழைந்ததும் ஒரு பெண் கையைக் காட்டினாள். பங்க் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டிய முப்பது வயதுப் பெண்.

“பின்னாடி இருக்கிறவங்க எறங்கணும். ஆயா, எறங்கு. எறங்கி அந்தாண்ட காத்து புடிக்கிற எடத்துல நில்லு.”

எனக்குச் சுருக்கென்றது. ஏறினதே பெரும்பாடு, இறங்கினால் மறுபடி ஏறக் கல்லுக்கு எங்கே போவேன். நான் உட்கார்ந்திருந்தால் பெட்ரோல் உள்ளே போகாதா என்று அவளிடம் கேட்டேன். “எதுனா ஒண்ணுன்னா அவரு குதிச்சி ஓடிடுவாரு ஆயா. உன்னால முடியுமா?” என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள். இறங்கி, காற்று பிடிக்கிற மெஷின் பக்கத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அங்கே ஒரு போர்டு இருந்தது. நேரம்தான் இருக்கிறதே என்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். எஞ்சினை நிறுத்தவும். புகை பிடிக்காதீர். செல்போன் பேசாதீர். பக்கத்தில் வட்டத்துக்குள் சிகரெட் படம் போட்டுக் குறுக்கே சிவப்புக் கோடு கிழித்திருந்தது. தீப்பெட்டிக்கு ஒரு படம், போனுக்கு ஒரு படம். படித்து முடிப்பதற்குள் மாப்பிள்ளையின் முறை வந்துவிட்டது.

அவர் எஞ்சினை அணைத்தார். ஆனால் இறங்கவில்லை. வண்டியின் மேல் உட்கார்ந்தபடியே, இரண்டு தொடைக்கும் நடுவே இருந்த டேங்க் மூடியைச் சாவி போட்டுத் திறந்தார். கைப்பிடியை ஒரு பக்கமாகத் திருப்பியிருந்ததால் மாலையின் வால் டேங்கின் மேல் வந்து கிடந்தது. அந்தப் பெண் மீட்டரில் ஜீரோவைக் காட்டிவிட்டு, குழாயை உள்ளே விட்டாள். ரொப்பச் சொன்னார் மாப்பிள்ளை. குழாய் டக்கென்று தானாக நின்றது. அவள் எடுக்கப் போனாள். அவர் விடவில்லை. கழுத்து வரைக்கும் ஊற்றச் சொன்னார். வெயிலில் பொங்கும் என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. முதல் பெட்ரோல், புது வண்டி, குறையாக விடக் கூடாது என்று இவர் சொன்னதும் கேட்டது. பின்னால் நின்றவர்கள் எஞ்சினைக்கூட அணைக்காமல் ஆரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அலுத்துப்போய் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

பெட்ரோல் பொங்கி வழிந்தது. டேங்கின் இரண்டு பக்கமும் ஓடி, அவருடைய பேண்டை நனைத்து, கீழே எஞ்சின் மேல் சொட்டியது. வாசனை என் மூக்கு வரைக்கும் வந்தது.

அந்த வாசனையில் இன்னொரு வாசனையும் இருந்தது. மல்லிகை வத்தி வாசனை. அதோடு பூ கருகுகிற வாசனை.

வரும் வழியில் காற்றில் அணைந்திருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நினைத்ததுகூட இல்லை, மறந்தே போய்விட்டேன். மாலைக்குள்ளிருந்து நூல் மாதிரி ஒரு புகை எழுந்து, அவர் நெஞ்சுக்கு நேராக வளைந்து போயிற்று. அந்தப் பெண்ணின் முகம் பம்ப் மீட்டர் பக்கம். அவர் முகம் நனைந்த பேண்டின் மேல். டேங்க் வாய் திறந்திருக்கிறது. வத்தி இருந்த இடத்துக்கும் அந்த வாய்க்கும் ஒரு முழம்கூட இருக்காது.

என் வீட்டில், தொட்டிலுக்குப் பக்கத்தில் என் பெண் உட்கார்ந்திருப்பது ஒரு கணம் என் கண்ணில் வந்தது.

“ஏ பொண்ணே” என்று அவளைக் கூப்பிட்டேன். ஆரன் சத்தத்தில் காதில் விழவில்லை. “இந்தாங்க, இந்தாங்க” என்று அவரைப் பார்த்துக் கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. எப்படித் திரும்புவார்? என் குரல் தன்னைக் கூப்பிட்டு அவர் கேட்டதே இல்லை. யாரோ கிழவி யாரையோ கூப்பிடுகிறாள் என்று இருந்திருப்பார். மாப்பிள்ளை என்ற சொல் நாக்கு வரைக்கும் வந்து நின்றது. பழக்கமில்லாத சொல், வெளியே வரவில்லை. அதற்குள் அவர், வழிந்த பெட்ரோலை மாலை தொடுகிறதே என்று, அதை ஒதுக்குவதற்குக் கையைக் கொண்டுபோனார். அந்த மாலையை அப்படி இழுத்தால் உள்ளே இருக்கிற வத்தி நேராக டேங்க் வாய்க்குத்தான் வரும்.

“டேய், அசையாதடா. கைய எடுடா.”

பம்ப்செட் சத்தத்தை மீறிக் கழனிக்குக் கழனி கூப்பிட்டுப் பழகிய குரல் அது. பங்க் முழுவதும் கேட்டது. மாப்பிள்ளை கையைப் பாதியில் நிறுத்தினார். திரும்பி என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் எழுத மாட்டேன்.

“உள்ள வத்தி எரியுது. ஆடாத” என்றேன்.

அந்தப் பெண்ணுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. குழாயை எடுத்து வாய் மேலே பார்க்கப் பிடித்துக்கொண்டாள். வரிசையைப் பார்த்து எல்லோரையும் வண்டி அணைக்கச் சொன்னாள். ஒவ்வொரு வண்டியாக அணைந்தது. மாப்பிள்ளையிடம் சாவியைத் தொட வேண்டாம், இறங்கவும் வேண்டாம், வண்டி சாய்ந்தால் இன்னும் கொட்டும் என்றாள். ஒரு கையில் குழாய், இன்னொரு கையால் டேங்க் மூடியை மெதுவாக மூடினாள். மணல் வாளிக்கு ஆள் கூப்பிட்டாள்.

நான் நடக்க ஆரம்பித்திருந்தேன். அவ்வளவு சத்தமாக இருந்த இடம் அப்படி அடங்கிப்போனதில் என் முட்டி கடகடப்பது எனக்கே கேட்டது. என்னால் ஓட முடியாது. ஓடினாலும் அந்த வழுவழுப்பான தரையில் விழுந்திருப்பேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் கிட்டே வரவில்லை. வண்டி அண்டையில் போய் நின்றபோது அவர் நெற்றியில் வேர்வை பொட்டுப் பொட்டாக நின்றது. ஐந்து வருடத்தில் அவர் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை.

“மேலாக்கத் தூக்கி எடு ஆயா. கீழ எறக்கிடாத, கீழ ஃபுல்லா ஆவி நிக்குது” என்றாள் அந்தப் பெண், மெல்லிய குரலில்.

இடது கையால் மாலையைத் தாங்கி, வலது கையால் பூவுக்குள்ளே தடவினேன். இரண்டு வத்தி குச்சியாகத்தான் இருந்தது. மூன்றாவது உயிரோடு இருந்தது. மாலைக் கயிறு அதைச் சுற்றிக்கொண்டிருந்தது. இழுத்தால் முறியும். கயிற்றைத் தளர்த்தி, மெல்ல மேலே எடுத்தேன். எடுக்கும்போது நீளமாகத் தொங்கிய சாம்பல் உடைந்து டேங்கின் மேல் விழுந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. அது வெறும் சாம்பல். ஈரத்தில் கரைந்து போயிற்று.

வத்தியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எதிரே வந்த மணல் வாளி வரைக்கும் நடந்து, அதில் குத்தி அழுத்தினேன். திரும்பி வந்து மாலையையும் கழற்றினேன். உள்பக்கம் கை அகலத்துக்குப் பூ கருகி, நடுவே ஒரு சிவப்புப் பொட்டு இன்னும் கனன்றுகொண்டிருந்தது. பூசை போட்ட அன்றே வண்டியிலிருந்து மாலையை இறக்குவது நல்லதில்லை என்பார்கள். இறக்கி, அதையும் மணலில் புதைத்தேன்.

அதற்குப் பிறகுதான் உள்ளேயிருந்து பங்க்கைப் பார்த்துக்கொள்கிறவர் ஓடிவந்தார். போர்டைக் காட்டிக் கத்தினார். மாப்பிள்ளைக்கு அப்போதுதான் குரல் வந்தது.

“நான் இன்னா சிகரெட்டா குடிச்சேன்? சாமிக்கு வச்ச ஊதுவத்தி.”

“பெட்ரோலுக்கு சாமி தெரியுமாய்யா?” என்றார் அவர்.

நான் அந்தப் போர்டை மறுபடியும் பார்த்தேன். சிகரெட் இருந்தது, தீப்பெட்டி இருந்தது, போன் இருந்தது. ஊதுவத்திக்குப் படம் இல்லை. அதைச் சொல்லலாம் என்று நினைத்தேன், சொல்லவில்லை. மாப்பிள்ளைக்காகப் பேசுகிற இடத்தில் அப்போது நான் இல்லை.

இருவர் பிடித்துக்கொள்ள அவர் இறங்கினார். வண்டியைக் கிளப்பாமல் ரோடு ஓரம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போகச் சொன்னாள் அந்தப் பெண். வழிந்த இடத்தில் மணலைக் கொட்டினாள். பேண்டைத் தண்ணீர் விட்டு அலசாமல் வண்டியில் ஏறக் கூடாது என்று குழாயடியையும் காட்டினாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர் வரிசையைக் கடந்தபோது, எங்களைத் தெரிந்த யாரோ ஒரு ஆள், உயிர் போய் வந்த தைரியத்தில் வாய் விட்டான்.

“இன்னாபா, மாமியாரு டேய்னதும் மாப்ள வண்டியோட சேந்து ஆஃப் ஆயிட்டாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க வேண்டும்போல இருந்திருக்கும், அவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள். அதில் எங்கள் பக்கத்து மடுகரை ஆட்களும் இருந்தார்கள். மாப்பிள்ளை தலையைத் தூக்கவில்லை. தீ அங்கே அணைந்துவிட்டது. ஆனால் என் பெண்ணின் விஷயம் அந்தச் சிரிப்பில்தான் பற்றிக்கொண்டது என்று எனக்குத் தெரிந்தது.

வண்டி காயும் வரைக்கும் வெயிலில் நின்றோம். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பிறகு ஒரு கிலோமீட்டர் கல்லின் பக்கத்தில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். நான் அதன் மேல் கால் வைத்து ஏறினேன். பையை நடுவில் வைத்தேன். வழி முழுக்கப் பள்ளம் இருந்தது, நான் எதுவும் சொல்லவில்லை.

என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு அவர் இறங்காமல் நின்றார். உள்ளே பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. “மேலெல்லாம் பெட்ரோல் நாத்தம். கொழந்தைக்கு ஆவாது” என்று கேட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அது காரணமா சாக்கா என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

பெண்ணிடம் மறைக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். வத்தி வரைக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேட்டவள், அந்த இடம் வந்ததும் எழுந்துவிட்டாள். “டேய்னா கூப்ட்ட? அத்தனை பேர் எதிர்லயாம்மா?” என்றாள். தினமும் வந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. போன் மட்டும் வரும். பிள்ளை பால் குடித்ததா என்று கேட்பார், வைத்துவிடுவார். அழைத்துப் போகிற நாளைப் பற்றிப் பேச்சே இல்லை. என் பெண் போனை வைத்துவிட்டு என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வையோடு ஒரே வீட்டில் இருப்பது லேசில்லை.

வீட்டுக்காரர் ஒரு வழி சொன்னார். நான் போய் அவர்கள் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாமாம். வாய் தவறி வந்துவிட்டது என்று. நான் மாட்டேன் என்றேன். வாய் தவறவில்லை. வேறு எந்தச் சொல்லைச் சொல்லியிருந்தாலும் அந்தக் கை நின்றிருக்காது. வரப்பில் பாம்பைப் பார்த்தால் முன்னே போகிறவர் யார், என்ன முறை என்றா கேட்டுக்கொண்டு கூப்பிடுவோம்? அவர் எரிந்திருந்தால் மரியாதையை யாருக்குக் கொடுப்பது? இதைச் சொல்லிவிட்டேனே தவிர ராத்திரிகளில் தூக்கம் இல்லை. தொட்டில் ஆடுகிற சத்தம் வரும், பெண்ணும் தூங்கவில்லை என்று தெரியும்.

மூன்றாம் மாதம் பிறந்தது. நல்ல நாள் ஒன்று போயிற்று. யாரும் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி, பிள்ளையை எப்போது அழைத்துப் போகிறார்கள் என்று அன்றைக்கே கேட்டுவிட்டாள். அடுத்த நல்ல நாளில், சொல்லாமல் கொள்ளாமல், ஒரு கார் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அம்மா தட்டோடு இறங்கினார்கள். காருக்கு முன்னால் அந்த வண்டி.

சம்பந்தியம்மாவை உள்ளே அழைத்து உட்கார வைத்தேன். மாப்பிள்ளை வாசல்படிக்கு வெளியே நின்றுவிட்டார். என் பெண் பிள்ளையோடு ஓடிப்போய் உள்ளே வரச் சொன்னாள். அவர் அசையவில்லை. நான் வழக்கம்போலக் கதவு ஓரம் நின்றேன். அவர் என் பெண்ணைப் பார்த்து, ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி, நிதானமாகச் சொன்னார்.

“உங்கம்மாவுக்கு ஊரே கேக்கிற மாதிரி டேய்னு கூப்பிட வாய் இருந்துச்சி. வூட்டுக்குள்ள வான்னு கூப்பிட வாய் இல்லியான்னு கேளு.”

என் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சம்பந்தியம்மாவுக்கு விஷயமே தெரியாது என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது. மாப்பிள்ளை தன் வீட்டில் சொல்லவே இல்லை. ஊர் முழுக்கத் தெரிந்ததை அவர்கள் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நான் பெண்ணிடமும் சொல்லவில்லை, சுவரிடமும் சொல்லவில்லை. கதவு ஓரத்தை விட்டு வாசல்படிக்கு வந்தேன்.

“வாங்க மாப்ள. கால் கழுவிட்டு உள்ள வாங்க.”

அந்தச் சொல் பழக்கமில்லாமல், கொஞ்சம் கரகரப்பாகத்தான் வந்தது. அவர் சிரிக்கவில்லை. கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். இலை முழுவதும் சாப்பிட்டார். நான் பரிமாறினேன்.

கிளம்புகிற நேரத்தில், பெண்ணையும் பிள்ளையையும் காரில் ஏற்றிவிட்டு, சம்பந்தியம்மா நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்று ஊதுவத்தி கொளுத்தினார்கள். காருக்குக் காட்டினார்கள். பிறகு வண்டிக்குக் காட்டி, அதே சந்தில், விளக்குக்கும் மீட்டருக்கும் நடுவே செருகினார்கள். என் பெண் கார் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

மாப்பிள்ளை வண்டியில் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் குனிந்து, வத்திகளை ஒன்று விடாமல் உருவினார். இறங்கி வந்து என் எதிரே நீட்டினார்.

“நீங்களே வச்சிக்கிங்க அத்த. போற வழியில பெட்ரோல் போடணும்.”

நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். கார் முன்னால் போயிற்று, வண்டி பின்னால் போயிற்று. வத்திகளை வாசல் மண்ணில் குத்தி வைத்துவிட்டு, அவை முழுக்க எரிந்து சாம்பலாகும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.